டவுன் ஹாலுக்கு மைக் போட்டவன்

உக்காருங்கம்முணி. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடுது. வாடகைக்குப் போயிட்டு வர்ற சேருகள்ல நல்லதா ஒண்ணு தேடித்தான் எடுக்கோணும். இந்தாங்க, இதுல உக்காருங்க.

டவுன் ஹாலைப் பத்திக் கேக்கோணும்னு எங்கிட்ட அனுப்பிச்சு வுட்டது யாருங்க? டீக்கடையிலயா? அதானே பாத்தேன். "நாச்சிமுத்தைப் போயிக் கேளுங்க, அவன் மைக் செட்டாலதான் ஹாலு போச்சு"ன்னு சொல்லியிருப்பானுக. சொல்லலீங்களா? சிரிச்சானுகளா? சிரிச்சாலும் அதே அர்த்தந்தானுங்க. ஆறு வருசமாச் சிரிக்கறானுக. எனக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. நீங்க வெளியூரு, கையில நோட்டு வெச்சிருக்கறீங்க, படிச்சவங்களாட்டத் தெரியுது. உங்களுக்காக இன்னொருக்காச் சொல்றேன்.

எழுதிக்கங்க. ஆயிரத்தி எண்ணூத்தித் தொண்ணூத்தி நாலு. வெள்ளக்காரன் கட்டுனதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பேருதான் வெள்ளக்காரன் பேரு, கட்டுனது பூராவும் நம்ம செங்கோட்டுப்பாளையத்துப் பஞ்சு யாவாரிக. ஒரு கலெக்டரு இவங்களுக்கு ரோடு போட்டுக் குடுத்தாராம். அவரு மாத்தலாகிப் போறாருன்னு அவரு பேர்ல ஹால் கட்ட ஆரம்பிச்சாங்க. கட்டி முடிக்கறதுக்கு ஒம்போது வருசம். அதுக்குள்ள அவரு சீமைக்கே போய்ச் சேந்துட்டாரு. கடைசியில அவரு போட்டோவை ஒரு நாற்காலியில வெச்சு, அதுக்கு மாலையப் போட்டு, அதுதான் தெறந்து வெச்சதுன்னு கல்லு வெட்டிட்டாங்க.

முன்னால எட்டுத் தூணு. எட்டும் ஒத்தைக் கல்லு. உள்ள போனா மேல தேக்கு விட்டம் பதினாலு, விட்டத்துக்கு மேல செங்கல்லைக் குத்துக்கா அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்ட மெட்ராஸ் டெரஸ். வெளிய எத்தனை வெயிலடிச்சாலும் உள்ள ஃபேன் வேண்டியதில்லை. செவுத்துப் பூச்சுல முட்டை கலந்திருக்குதுன்னு சொல்லுவாங்க, கிட்டப் போனா நம்ம மொகம் தெரியும். கூரைக்குக் கீழ சுத்திலும் வட்ட ஜன்னலு, செவப்புக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி. மேடைக்குப் பொறகால இருக்கற செவுரு மட்டும் நேரா இருக்காது. அரிசி பொடைக்கற மொறமாட்டம் வளைஞ்சிருக்கும். அதுக்கு நேர் எதுத்தாப்புல, மாடிக் கேலரிக்குக் கீழ, ரெண்டு வரிசையாப் பானை. ஆமாங்க, மண்பானைதான். செவுத்துக்குள்ள படுக்க வெச்சு, வாயி மட்டும் தெரியறாப்புலப் பூசியிருந்தாங்க. நாப்பத்திரண்டு பானை. எனக்கு எப்படிக் கணக்குத் தெரியும்னா, நாந்தானே அதையெல்லாம் அடைச்சேன்.

அவசரப்படாதீங்கம்முணி, எழுதறதைச் சித்தெ நிறுத்துங்க. இதைச் சொன்னா எல்லாரும் உங்களாட்டத்தான் என்னைப் பாக்கறாங்க. ஏன் அடைச்சேன்னு கேட்டுட்டுப் பாருங்க.

எங்கப்பன் அந்த ஹாலுக்கு மொதல் மைக்கைக் கொண்டாந்து வெச்சவரு. அறுவத்தி ரெண்டுல. அதுக்கு முந்தி மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்னு பழைய ஆளுக சொல்லுவாங்க. பழைய ஆளுக எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க. அந்தக் காலத்துல ஜனம் கம்மி, வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க, கேட்டுருக்கும். அதுல கட்டடத்துக்கு என்னங்க பங்கு?

அப்பனுக்கப்பறம் நானு. நகராட்சிக் கூட்டம், இலக்கியக் கூட்டம், நெசவாளிக சங்கம், ரத்ததான முகாம், எதுவா இருந்தாலும் மைக் நம்முளுது. ஒரே ஒரு கெரகம் என்னன்னா, அந்த ஹால்ல மட்டும் மைக் ஊளையிடும். வேற எந்த மண்டபத்துலயும் ஊளையிடாத மைக் அங்க போனா ஊய்ங்னு கத்தும். சவுண்டைக் கொறைச்சா பேசறவங்க கோவிச்சுக்குவாங்க, ஏத்துனா ஊளை. தொண்ணூத்தி ஒண்ணுல பெரிய ஆபீசர் ஒருத்தர் வந்து, பேச்சைப் பாதியில நிறுத்திட்டு, "யாருய்யா மைக் செட்டு"ன்னு அத்தனை பேருக்கு முன்னால கேட்டாரு. நான் எந்திரிச்சு நின்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலை.

மறுநாளு காத்தால போயி ஏணி வெச்சு ஏறி, ஒரு பானையில காதை வெச்சுப் பாத்தேன். மேடையில வாச்மேன் ரங்கன் தனியாப் பொலம்பிக்கிட்டுக் கூட்டிட்டு இருந்தான். அவன் பொண்டாட்டியத் திட்டுறான், ஒரு வார்த்தை விடாம என்ற காதுல விழுகுது. அப்பத்தான் புரிஞ்சுது. இந்தப் பானைகதான் சத்தத்தைப் புடிச்சுத் திருப்பி அனுப்பி மைக்கோட மல்லுக்கட்டுது. மூணே நாளு. ஜல்லி, செங்கத்துண்டு, சிமெண்டு எல்லாம் என்ற சொந்தச் செலவு. நாப்பத்திரண்டையும் அடைச்சு மேல பூசி வெள்ளையடிச்சு வுட்டேன். நகராட்சியில ஒருத்தனும் ஒரு நன்றி சொல்லலை.

என்ற சம்சாரம் பாவாத்தா அன்னைக்குச் சோத்துத் தூக்கோட வந்தவ கீழ நின்னு பாத்தா. "ஏனுங்க மாமா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, அதைய ஏனுங்க அடைக்கறீங்க?"ன்னு கேட்டா. "உனக்கு இதெல்லாம் புரியாது புள்ள, நீ சோத்த வெச்சுட்டுப் போ"ன்னேன். அவ போகலை. எப்பவுமே சோத்தக் குடுத்தா தூக்கு காலியாகற வரைக்கும் கடைசி வரிசையில உக்காந்திருப்பா. கால் வலிக்குதாட்ட இருக்குதுன்னு நானும் ஒண்ணும் கேக்கறதில்லை.

அடைச்சப்பறம் ஊளை நின்னுது. உங்க நோட்டுல எழுதோணும், ஊளை நின்னுது. அதைய ஒருத்தனும் சொல்றதில்லை. அதுக்குப் பதிலா எதிரொலி வந்துச்சு. ஒரு வார்த்தை சொன்னா மூணு வார்த்தையா வரும். சரின்னு ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் எச்சாப் போட்டேன். எதிரொலியும் எச்சாச்சு. இன்னும் ரெண்டு போட்டேன். நடுவால ஒரு ஹாரனும் கட்டுனேன். தொழில் தெரிஞ்ச எவனும் அதைத்தானுங்க பண்ணுவான். கேக்கலைன்னா சத்தத்தக் கூட்டோணும், வேற என்ன பண்றது? இருவது வருசம் அந்த எதிரொலியோட மாரடிச்சேன். கூட்டம் முடிஞ்சு வர்ற ஆளுக "இன்னைக்கு என்ன பேசுனாங்க"ன்னு ஒருத்தனையொருத்தன் கேட்டுக்குவாங்க. கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டமே கொறைஞ்சுது. எல்லாத்துக்கும் ஏசி மண்டபம் வேணும்னு ஆயிப்போச்சு, காலம் அப்படி.

ரெண்டாயிரத்திப் பன்னெண்டுல நகராட்சியில தீர்மானம் போட்டாங்க. டவுன் ஹாலு எதிரொலி காரணமாக் கூட்டம் நடத்தத் தகுதியில்லாத கட்டடம், அதைய இடிச்சுப்போட்டு வணிக வளாகம் கட்டறதுன்னு. ஆனா ஜனங்க கருத்தக் கேக்கோணும், சட்டத்துல இருக்குதாம். நோட்டீஸ் ஒட்டுனாங்க. பன்னெண்டாந் தேதி, காத்தால பதினோரு மணி, இடம் அதே டவுன் ஹாலு. ஆட்சேபணை இருக்கறவங்க நேர்ல வந்து பேசலாம், இல்லாட்டி அன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாம். யாராச்சும் ஒருத்தரு சொன்னது பதிவாயிருந்தாக்கூட மேல அனுப்பித்தான் ஆகோணும், அப்பறம் இடிக்கறது அத்தனை லேசில்லைன்னு நகராட்சிக் கிளார்க் லூர்துசாமியே எங்கிட்டச் சொன்னாப்புல.

மைக்கு யாருன்னு கேக்கறீங்களா? வேற யாருங்க.

அதுக்கு மொத நாளு பாவாத்தா ஒரு வெள்ளைக் காயிதத்தைக் கொண்டாந்து என்ற முன்னால வெச்சா. "மாமா, எனக்கொரு மனு எழுதிக் குடுங்க. ஹால இடிக்கக் கூடாதுன்னு. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க." அவளுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், அதுக்கு மேல எழுத வராது.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஏம்புள்ள, உனக்கும் டவுன் ஹாலுக்கும் என்ன?"

"இருக்குதுங்க, எழுதுங்க."

"காயிதமெல்லாம் எங்காச்சும் கட்டுக்குள்ள கெடக்கும் பாவாத்தா. என்ற மைக்கு இருக்கையில மனு எதுக்கு? மேடையேறிப் பேசு. கணீர்னு கேக்கும்."

"மாமா, அங்க மைக்குல ஒண்ணும் வெளங்காதுங்க."

பாருங்க, சொந்தப் பொண்டாட்டி சொல்றா. ஊரான் சொன்னாப் பொறுத்துக்கலாம். எனக்குக் கோவம் வந்துருச்சு. "அப்படி வெளங்காத மைக்குலதான் உனக்கு இத்தனை வருசம் சோறு போட்டேன்"னுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அந்தக் காயிதம் அப்படியே மேசை மேல கெடந்துச்சு. சொல்லியிருக்க வேண்டாம்னு இப்பத் தோணுது. அப்பத் தோணலை.

மறுநாளு நூத்தம்பது பேருக்கு மேல வந்திருந்தாங்க. கமிஷனரு மேடையில, பக்கத்துல லூர்துசாமி பேனாவும் நோட்டுமா. மொதல்ல வக்கீல் ஒருத்தரு பேசுனாரு. அப்பறம் தறிக்காரங்க சங்கத்து ஆளு ஒருத்தரு. ரெண்டு பேருமே நல்லாத்தான் பேசுனாங்க. என்ன பேசுனாங்கன்னுதான் தெரியலை.

மூணாவதா "பாவாத்தாள்"னு கூப்புட்டாங்க. ஜனம் முச்சூடும் திரும்பிப் பாத்துது. நாந்தான் ஸ்டேண்டைச் சரி பண்ணிக் குடுத்தேன். முப்பத்திமூணு வருசம் கூடக் குடும்பம் பண்ணியிருக்கறேன், அவ எத்தனை உசரம்னு அன்னைக்குத்தான் பாத்தேன். ரெண்டு சாணு எறக்க வேண்டியிருந்துச்சு. அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டு, மைக்கப் பாத்து, "எல்லாத்துக்கும் வணக்கமுங்க"ன்னா. ங்க, ங்க, ங்கன்னு ஹால் பூராவும் ஓடுச்சு. பசங்க சிரிச்சானுக. எனக்கு மொகமெல்லாம் சூடாயிருச்சு.

அந்த நேரம் பாத்துக் கரண்ட்டுப் போச்சு.

அப்பெல்லாம் தெனமும் போகும், உங்களுக்கே ஞாபகம் இருக்கும். கமிஷனரு கைக்குட்டையில கழுத்தத் தொடைச்சுக்கிட்டு, "கரண்ட் வரட்டும், அப்பறம் பாக்கலாம்"னு எந்திரிச்சு வராண்டாவுக்குப் போயிட்டாரு. லூர்துசாமி பேனாவை மூடி வெச்சுட்டாப்புல. கூட்டம் நின்னுருச்சுன்னு அர்த்தம். நான் ஓடுனேன். பின்னால ஜன்னலுக்குக் கீழதான் ஜெனரேட்டர் நிக்குது. கரண்ட் போனா ரெண்டு நிமிசத்துல லைன் குடுத்துருவேன், அது என்ற பேரு. எங்கயும் கேட்டுப் பாருங்க.

அன்னைக்குன்னு பாத்துப் புடிக்க மாட்டேங்குது. கயித்தச் சுத்தி இழுக்கறேன், டுர்ருன்னுட்டு நின்னு போகுது. மறுக்கா சுத்தறேன். அப்பத்தான் ஜன்னல் வழியாச் சத்தம் வந்துச்சு. பாவாத்தா எறங்கலை. மைக் இல்லாமலே பேசிட்டு இருக்கறா. கத்திப் பேசலீங்க. ஊட்டுல பேசறாப்புலத்தான் பேசறா. அத்தனை ஜனமும் மூச்சு விடாம இருக்குது.

"முப்பது வருசமா நான் இங்க சோறு கொண்டாறேனுங்க"ன்னா. "அந்தக் கடைசி வரிசையிலதான் உக்காருவேன். தண்ணி வரலைன்னு பொம்பளைங்க குடத்தோட வந்து சண்டை போட்டதை அங்க இருந்துதான் கேட்டேன். தறிக் கூலிக்குப் பேசுனதைக் கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு இந்த ஊட்டுலதானுங்க ஒலகம் தெரிஞ்சுது" அப்படின்னா. ஹாலைத்தான் ஊடுன்னு சொல்றா. அப்பறம் அந்த வளைஞ்ச செவுரு எதுக்கு, தேக்கு எங்கிருந்து வந்துச்சு, பானைய வெச்சது யாருன்னு ஒவ்வொண்ணாச் சொல்றா. நான் உங்களுக்குச் சொன்னேன் பாருங்க, அதெல்லாம் அன்னைக்கு அவ பேசி நான் கேட்டதுதான். வாச்மேன் ரங்கன்கிட்ட உக்காந்து பழமை பேசிப் பேசித் தெரிஞ்சு வெச்சிருக்கறா. எனக்கு ஒண்ணு கூடத் தெரியாது.

"பானைய வெச்ச மேஸ்திரி பேரு எந்தக் கல்லுலயும் இல்லீங்க. அடைச்சவங்க பேரும் இல்லீங்க. பேரு கெடக்கட்டும், அடைச்சதைப் பேத்து எடுத்தா மறுபடியும் கேக்குமுங்க. அதுக்கு ஏனுங்க முழுக் கட்டடத்தையும் இடிக்கறீங்க?" அப்படின்னா. என்ற பேரைச் சொல்லலை பாருங்க. நூத்தம்பது பேருக்கு முன்னால சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவ அப்படித்தான்.

டீக்கடைக்காரன் மகன் உள்ள இருந்து ஓடியாந்தான். "அண்ணா, அதைய வுடுங்கண்ணா. நல்லாக் கேக்குது. போட்றாதீங்க"ன்னு என்ற கையப் புடிச்சான். நான் ஒதறிட்டேன். நீங்களே சொல்லுங்கம்முணி. கமிஷனரு வராண்டாவுல நிக்கறாரு. லூர்துசாமி பேனாவைத் தொறக்கலை. மைக் வராத வரைக்கும் அவ பேசறது கணக்குலயே இல்லை. அவளுக்காகத்தானுங்க இழுத்தேன். கொஞ்சம் என்ற பேருக்காகவும் இழுத்தேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவளுக்காகவுந்தான்.

"இந்த ஹால்லதானுங்க நான் மொதமொதலா"ன்னு ஆரம்பிச்சா. கொரல் கொஞ்சம் மாறுச்சு. நானும் ஒரு நொடி நின்னேன். நின்ன கையோட இழுத்தேன். புடிச்சுக்கிச்சு.

ஜெனரேட்டர் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை. உள்ள மைக் உசிரு வந்துருச்சு. நான் ஓடிப் போறதுக்குள்ள கமிஷனரு உக்காந்துட்டாரு, லூர்துசாமி எழுதத் தயாரா இருக்கறாப்புல. பாவாத்தா மைக்குல பேசி முடிச்சுட்டு எறங்கிட்டு இருந்தா. அத்தனை பாக்ஸு, ஹாரனு, எல்லாத்துலயும் அவ கொரல் பொரண்டு பொரண்டு ஓடிட்டு இருந்துச்சு. ஜனங்க கை தட்டுனாங்க. அந்தத் தட்டலும் மூணு மடங்காக் கேட்டுச்சு.

நகராட்சிக் குறிப்புல என்ன எழுதுனாங்கன்னு எனக்கு மனப்பாடமுங்க. "மூவர் பேசினர். எதிரொலி காரணமாக அவர்களின் கருத்துகள் தெளிவாகக் கேட்கவில்லை. எழுத்து மூலமான ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை." லூர்துசாமியப் போயி, "நீதான் கரண்ட் இல்லாதப்பக் கேட்டியே, அதைய எழுத வேண்டியதுதானே"ன்னு சண்டை போட்டேன். "கூட்டம் ஒத்தி வெச்ச நேரத்துல பேசுனதை எப்படிண்ணா எழுதறது"ன்னாப்புல. சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் எழுதிக் குடுக்கலாம்னு இருந்துச்சே, ஏன் எழுதலைன்னு கேக்கறீங்களா? மைக்குல பேசியாச்சேன்னு இருந்துட்டேன்.

பொங்கல் முடிஞ்சு இடிச்சாங்க. நான் போயிப் பாத்தேன். கேலரிச் செவுத்தை மிசினு தள்ளுச்சு. பானையெல்லாம் ஓடோடா ஒடைஞ்சு போச்சு. உள்ள நான் போட்ட சிமெண்டு மட்டும் பானை உருவத்துலயே மண்ணுல உருண்டு கெடந்துச்சு. நாப்பத்திரண்டும். ஒண்ணுல கூட விரிசல் இல்லை. நல்ல கலவைதானுங்க அது.

இப்ப அங்க வணிக வளாகம். மேல ஒரு கூட்ட அறை வெச்சிருக்கறாங்க, மைக்கெல்லாம் செவுத்துக்குள்ளயே வெச்சுக் கட்டிட்டாங்க. என்னையக் கூப்புடறதில்லை. கூப்புட்டாலும் போறதுக்குத் தெம்பில்லீங்க. கல்யாணத்துக்குச் சேர் குடுக்கறேன், பொழப்பு ஓடுது.

அவளா? உள்ளதான் இருக்கறா. உங்களுக்குக் காப்பி போட்டுட்டு இருப்பா. கோவமெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. சோறு போடறா, மாத்திரை எடுத்துக் குடுக்கறா, மழை வந்தா "மாமா, பாக்ஸை உள்ள எடுத்து வெய்ங்க"ன்னு சொல்றா. எனக்குத்தான் மனசு கெடந்து அரிக்குது. மொதமொதலா என்ன? எங்க கல்யாணம் அங்க நடக்கலை. பொறந்த ஊடும் இங்க இல்லை. ஒருவேளை மொதமொதலா என்னைய அங்கதான் பாத்தாளா? இல்லை, நெசவாளிக கூட்டத்துல யாருக்காவது கை தூக்குனாளா? அழுதாளா? நூத்தம்பது பேருல ஒருத்தனுக்காச்சும் கேட்டிருக்கும்னு ஊடு ஊடாப் போயி விசாரிச்சுட்டேன். "அங்கதாண்ணா ஜெனரேட்டர் வந்துருச்சு"ங்கறானுக.

அவளையே ஆறு வருசமாக் கேக்கறேன். நல்லவிதமாக் கேட்டுப் பாத்துட்டேன், கெஞ்சியும் கேட்டுட்டேன். போன வாரங்கூடக் கேட்டேன். "ஏம்புள்ள, அன்னைக்கு மொதமொதலான்னு சொன்னியே, என்ன அது?" வெங்காயம் அரிஞ்சுட்டு இருந்தவ தலையக் கூட நிமுத்தலை. மெதுவாத்தான் சொன்னா.

"அதுதான் மைக்குல சொல்லிப்போட்டனுங்களே மாமா."